அல்சூர் டியூஷன் சென்டரின் ஆறு கம்ப்யூட்டர்கள்: லினக்ஸ் போடலாமா?

கேட்கப்பட்டது இது: பெங்களூர் அல்சூரில் வீட்டு மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். 2016-ல் வாங்கிய ஆறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டதால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் எஸ்பி ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரர். என் அக்கா மகன் லினக்ஸ் போடச் சொல்கிறான். இவ்வளவு நல்ல சாமான் காசில்லாமல் கிடைக்கிறதென்றால், ஏன் எங்கே பார்த்தாலும் விண்டோஸே இருக்கிறது? அந்தக் கட்டற்ற மென்பொருள் இயக்கம் தோற்றுப்போய்விட்டதா?

போடலாம். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு இயங்குதளம். ஐந்தில் லினக்ஸ் போடுங்கள், ஒன்றில் விண்டோஸ் இருக்கட்டும். எப்படி, ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் இரண்டாவது கேள்வி. அதுதான் பெரியது, பலருக்கும் தவறாகவே பதில் சொல்லப்பட்டிருப்பது.

உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2016-ல் வாங்கியவை பெரும்பாலும் ஆறாம் தலைமுறை, அதனால் வாசலிலேயே நிறுத்திவிடும். வீட்டுப் பயனாளிகளுக்கு இன்னும் ஓராண்டு, 2026 அக்டோபர் வரை, திருத்தங்களை நீட்டித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, உங்கள் மெஷினில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை என்பது. மதர்போர்டு நன்றாக இருக்கிறது, மானிட்டர் நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் நேற்றுவரை அதில்தான் பைத்தான் எழுதினார்கள். இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்ததாக வேறொரு ஊரில் ஒரு கூட்டத்தில் முடிவாகிவிட்டது. அந்த முடிவை மீறி விண்டோஸ் 10-ஐ நீங்களோ நானோ எஸ்பி ரோடு கடைக்காரரோ தொடர்ந்து பழுது பார்த்து ஓட்ட முடியாது. அதன் மூலநிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய நிரல், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடம் மட்டும்தான் இருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்: நான் வாங்கிய மெஷினை யார் ஆளுகிறார்கள்? விலை அதில் இரண்டாம் பட்சம்.

அது தொடங்கிய கதை ஒரு பிரிண்டரைப் பற்றியது. அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தார். அங்கிருந்த பழைய பிரிண்டரில் அடிக்கடி பேப்பர் சிக்கும். பிரிண்டர் வேறு மாடியில். ஆள் இறங்கிப்போய்ப் பார்த்தால்தான் வேலை நடுவில் நின்றது தெரியும். ஸ்டால்மன் அதன் நிரலைத் திருத்தி, பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி செய்தார். சிக்கல் தீரவில்லை, ஆனால் யாராவது ஒருவர் எழுந்துபோய் எடுத்துவிடுவார். 1980-ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு புதிய லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அதுவும் சிக்கியது. இந்த முறை மூலநிரல் தரப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரிடம் நிரல் இருப்பதாகக் கேள்விப்பட்டு, போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். தெரிந்த பழுது, சரிசெய்யத் தெரிந்த ஆள், ஆனால் ஒரு ஒப்பந்தம் குறுக்கே நின்றது. ஸ்டால்மனை உறுத்தியது அது.

1983 செப்டம்பரில் யூனிக்ஸ் போன்ற ஒரு முழு இயங்குதளத்தைத் தானே எழுதப்போவதாக அறிவித்து, அதற்கு குனு என்று பெயர் வைத்தார். 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பிறந்தது. 1989-ல் வந்த குனு பொது உரிமம், அதாவது ஜிபிஎல், என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய சாதனை. நிரலை எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம், உள்ளே பார்த்துத் திருத்தலாம், நகல் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: நீங்கள் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது இதே உரிமைகளோடு, மூலநிரலோடு கொடுக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தையே எடுத்து, பூட்டுவதற்குப் பதிலாகத் திறந்தே வைத்திருப்பதற்குப் பயன்படுத்தினார். விற்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதை ஜிபிஎல்லுக்கு மாற்றினார். குனுவிடம் எல்லாம் இருந்தது, கெர்னல்தான் தயாராகவில்லை. இரண்டும் சேர்ந்ததைத்தான் உங்கள் அக்கா மகன் லினக்ஸ் என்கிறான்.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1976 பிப்ரவரியில், இருபது வயதான பில் கேட்ஸ் பொழுதுபோக்குக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். எங்கள் பேசிக் என்ற நிரல்மொழியை எல்லோரும் பயன்படுத்துகிறீர்கள், பெரும்பாலானவர்கள் காசு கொடுக்கவில்லை, பிறகு யார் உட்கார்ந்து நல்ல மென்பொருள் எழுதுவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எழுதுகிறவருக்கும் சோறு வேண்டும். அந்தக் கேள்விக்கு மூலநிரலைப் பூட்டுவது ஒன்றுதான் விடை என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் இஆர்பிநெக்ஸ்ட் என்ற கணக்கு, சரக்கு மேலாண்மை மென்பொருளை ஜிபிஎல்லில் முழுதாகத் திறந்துவைத்துவிட்டு, அதைப் பராமரித்துக் கொடுப்பதில் சம்பாதிக்கிறது. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் இதே வழியில் வளர்ந்து, 2019-ல் 3,400 கோடி டாலருக்கு ஐபிஎம் கைக்குப் போனது.

சரி, அப்படியென்றால் ஏன் எங்கும் விண்டோஸ்? நல்லதாக இருந்ததால் வென்றது என்பது பாதி உண்மைகூட இல்லை. கடையில் கம்ப்யூட்டர் வாங்கும்போதே எது உள்ளே இருந்ததோ அதுதான் வென்றது. யாருமே இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்து வாங்குவதில்லை, கம்ப்யூட்டரைத்தான் வாங்குகிறார்கள். இதை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டது. 1990-களின் தொடக்கத்தில் அது கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களோடு போட்ட ஒப்பந்தங்களில் ஒரு முறை இருந்தது: அனுப்பும் ஒவ்வொரு மெஷினுக்கும் உரிமக் கட்டணம், அதில் மைக்ரோசாஃப்ட்டின் அப்போதைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வேறு ஒன்றைப் போட்டு விற்றால் தயாரிப்பாளர் இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டும். யார் கொடுப்பார்கள்? அமெரிக்க நீதித்துறை தலையிட்டு 1994-ல் அந்த முறையை நிறுத்த வைத்தது. அதற்குள் சந்தை முடிவாகிவிட்டது.

ஐபிஎம்முக்கு நடந்தது இன்னும் கூர்மையான உதாரணம். ஐபிஎம் சொந்தமாக ஓஎஸ்/2 என்ற இயங்குதளத்தை விற்றுக்கொண்டிருந்தது. தன் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 95-ஐயும் போட்டு விற்க அதற்கு உரிமம் தேவைப்பட்டது. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் 1995 ஆகஸ்ட் 24 அன்று, விண்டோஸ் 95-இன் வெளியீட்டு விழா தொடங்குவதற்கு 15 நிமிடம் இருக்கும்போதுதான் உரிமம் கையில் கிடைத்தது. போட்டியாளர்களுக்கெல்லாம் எப்போதோ கிடைத்துவிட்டது. அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல் போட்ட ஏகபோக வழக்கில், 1999-ல் நீதிபதி வெளியிட்ட உண்மைக் கண்டறிதல்களில் இது பதிவாகியிருக்கிறது. ஐபிஎம் அளவுள்ள நிறுவனத்தையே இப்படிக் காக்க வைக்க முடிந்ததென்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. பிஓஎஸ் என்று அழகான ஒரு இயங்குதளம் இருந்தது. அதைத் தயாரித்த பி நிறுவனம், தயாரிப்பாளர்கள் எங்களை அண்டவிடாதபடி ஒப்பந்தங்கள் தடுத்தன என்று வழக்குப் போட்டது. 2003-ல் மைக்ரோசாஃப்ட் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2.3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்துக்கொண்டது. அதற்குள் பி நிறுவனமே இல்லை.

லினக்ஸுக்கும் ஒரு வாசல் திறந்தது. 2007 கடைசியில் ஏசஸ் நிறுவனம் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப்பை லினக்ஸோடு விற்றது, நன்றாக ஓடியது. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட், ஓய்வு கொடுக்கவிருந்த விண்டோஸ் எக்ஸ்பியை இந்த மலிவு மெஷின்களுக்காக மட்டும் நீட்டித்தது. வாசல் மூடிக்கொண்டது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம் ஊரில் நடந்தது வேறு, அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. எஸ்பி ரோட்டிலோ மும்பை லேமிங்டன் ரோட்டிலோ டெல்லி நேரு பிளேஸிலோ அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குத் தெரியும். கேபினெட், ரேம், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் பில் போடுவார்கள். ஓஎஸ் மட்டும் பில்லில் வராது. "எல்லாம் போட்டுத் தரேன் சார்" என்பார், விண்டோஸ், ஆபீஸ், ஃபோட்டோஷாப் மூன்றும் திருட்டு நகலாக உள்ளே இறங்கிவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது நம் நகரங்களில் விண்டோஸின் விலை பூஜ்யம்தான். அதனால் லினக்ஸ்காரர்கள் வந்து "இது இலவசம்" என்றபோது யாருக்கும் அது ஒரு செய்தியாகவே படவில்லை. 1998-ல் சீனாவைப் பற்றிப் பேசும்போது பில் கேட்ஸே சொன்னார்: திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதைத் திருடட்டும், பழகிப்போவார்கள், பிறகு வசூலிக்க வழி கண்டுபிடிப்போம் என்று. நமக்கும் அதுவேதான் நடந்தது. ஒரு தலைமுறையே விண்டோஸில் பழகியது, அப்புறம் லேப்டாப்புகள் உரிமத்தோடு வந்தன, காசு விலைக்குள்ளேயே கலந்துவிட்டது. நம் இயக்கத்துக்காரர்கள் இங்கே விலையைப் பேசியதற்குப் பதில் உரிமையைப் பேசியிருக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

தோற்றுவிட்டதா என்றால், இடத்தைப் பொறுத்தது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த கிளவுடான அஸ்யூரிலேயே பாதிக்கு மேல் லினக்ஸ்தான். நம் பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் சர்வர் பக்கம் வேலை பார்க்கும் எந்தத் தமிழ்ப் பிள்ளையைக் கேட்டாலும் பகலெல்லாம் லினக்ஸ் டெர்மினலில்தான் இருப்பதாகச் சொல்வான். 2001-லிருந்து 2012 வரை இந்த ஊரில் நடந்த லினக்ஸ் மாநாடு, முதலில் லினக்ஸ் பெங்களூர், பிறகு ஃபாஸ்.இன் என்ற பெயரில், ஆசியாவிலேயே பேசப்பட்ட ஒன்று. இந்த வெற்றி நிஜம்.

ஆனால் அது நிறுவனங்களின் வெற்றி. பயனாளியின் கைக்கு அந்த உரிமை வந்துசேரவில்லை. உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனையே எடுங்கள். உள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் உரிமம். ஆனால் போனைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடர் பூட்டியிருக்கும், மேலே கூகுளின் மூடிய சேவைகள் உட்கார்ந்திருக்கும், தயாரிப்பாளர் அப்டேட்டை நிறுத்தினால் அந்த போனும் உங்கள் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் மாதிரிதான். ப்ளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் செயலிகள் மொத்தத்தையும் முன்கூட்டியே போட்டுத்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனைக்காக, டெல்லியிலிருக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அதே கடைவாசல் உத்தி, சாமான் மட்டும் வேறு. இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் ஸ்டால்மன் தரப்பு 2007-ல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தது. வீட்டு உபயோகச் சாதனத்தில் இந்த நிரலைப் போட்டு விற்றால், வாங்கியவர் தான் திருத்திய நிரலை அதில் ஏற்றி ஓட்டவும் வழி விட வேண்டும் என்றது. டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை, கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது. அந்த ஒரு முடிவு வேறு மாதிரி இருந்திருந்தால் நம் போன்கள் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

மூடிய மென்பொருளைச் சார்ந்திருப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் வெகுதூரத்தில் இல்லை. 2025 ஜூலையில், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனத்தின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைதான் காரணம். நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சில நாளில் சேவை திரும்பியது. காசு கொடுத்து உரிமம் வாங்கிய நிறுவனத்துக்கே இது நடந்தது. உள்நாட்டு நிறுவனம் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்று இப்போது நிறையப் பேர் நினைக்கிறார்கள். மூலநிரல் பூட்டியிருந்தால் சாவி சென்னையில் இருந்தாலும் மைக்ரோசாஃப்ட் இருக்கும் சியாட்டல் பக்கம் இருந்தாலும் உங்களிடம் இல்லை என்பதில் மாற்றமில்லை.

பள்ளிகளில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். கேரளம் 2000-களின் நடுவிலேயே அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, பாடப்புத்தகம், ஆசிரியர் பயிற்சி, தேர்வு எல்லாவற்றையும் அதிலேயே அமைத்தது. அதனால்தான் நிலைத்தது. தமிழ்நாட்டில் 2011-லிருந்து கொடுத்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸும், மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. பாடம் எதுவும் லினக்ஸைக் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டால் மட்டும் போதாது. இதே பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்காரர்கள் உதவியோடு அம்பேத்கர் பெயரில் ஒரு கம்ப்யூட்டர் மையம் நடந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் அங்கத்துப் பிள்ளைகள் கிம்ப் என்ற கட்டற்ற ஓவிய மென்பொருளை வைத்துப் படம் வரையக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் மாடிக்கு இதுவே நல்ல முன்மாதிரி.

இனி உங்கள் ஆறு மெஷின்கள். ஹார்டு டிஸ்க் இருந்தால் எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். மொத்தச் செலவு புதிய கம்ப்யூட்டர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. இயங்குதளமாக, லினக்ஸின் ஒரு வடிவமான லினக்ஸ் மின்ட்டைப் பரிந்துரைக்கிறேன். ஸ்டார்ட் மெனு மாதிரியே கீழே மெனு இருக்கும், பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் பழகிவிடுவார்கள். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்கைத் தொட வேண்டியதில்லை. லினக்ஸும் பழைய மெஷின்களைக் கைவிடுவதுண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸின் இன்னொரு வடிவமான டெபியனில், 2025-ல் வந்த 13-ஆம் பதிப்பை 32 பிட் கம்ப்யூட்டரில் நிறுவ முடியாது. உங்களுடையவை 64 பிட், அந்தக் கவலை இல்லை.

"பள்ளியில் எம்எஸ் ஆபீஸ்தானே கேட்கிறார்கள்" என்று பெற்றோர் கேட்பார்கள். சிபிஎஸ்இ ஒன்பது, பத்தாம் வகுப்பு ஐடி பாடத்தைத் திறந்து காட்டுங்கள், அதில் இருப்பது எம்எஸ் ஆபீஸுக்கு மாற்றான லிப்ரேஆபீஸ். பதினொன்று, பன்னிரண்டில் பைத்தான் நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும். மூன்றும் கட்டற்றவை.

பிரிண்டரை முதலில் சோதியுங்கள். நம் ஊர்க் கடைகளில் எங்கும் பார்க்கும் சின்ன லேசர் பிரிண்டர்களில் சில, தங்களுக்கென்று ஒரு ரகசிய மொழியில்தான் பேசும். அவற்றின் லினக்ஸ் டிரைவர் பழையதாகவும் மூடியதாகவும் இருக்கும், சில மாடல்களுக்கு ஆர்வலர்கள் கம்பியில் போகும் தரவை வரிவரியாக ஆராய்ந்து டிரைவர் எழுதியிருக்கிறார்கள். 1980-ல் ஸ்டால்மனை நிறுத்திய அதே இடம்தான் இது. உங்கள் பிரிண்டர் ஒத்துழைக்கவில்லையென்றால் அதை அந்த ஒரு விண்டோஸ் மெஷினில் மாட்டி, அச்சிட வேண்டியதைப் பிடிஎஃப்பாக்கி எடுத்துப்போய் அங்கிருந்தே அச்சிடுங்கள். அதற்குத்தான் ஒன்றை ஒதுக்கச் சொன்னேன். கணக்கு மென்பொருளான டேலி சொல்லிக்கொடுப்பதாக இருந்தாலும் அதுவே வேண்டும், டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அந்த மெஷினில் நீட்டிப்புத் திருத்தங்களுக்குப் பதிவு செய்துவிடுங்கள்.

தமிழ் தட்டச்சு பற்றிப் பயப்பட வேண்டாம். விண்டோஸின் திரை தமிழில் வருவதற்கு முன்பே, 2000-ஐ ஒட்டி, லினக்ஸில் ஓடும் கேடிஇ என்ற திரை அமைப்பைத் தமிழாக்கும் வேலையைத் தன்னார்வலர்கள் தொடங்கிவிட்டார்கள். விண்டோஸில் தமிழ் அடிக்கப் பயன்படும் என்எச்எம் ரைட்டர் இதில் ஓடாது. அதற்குப் பதில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும் அதன் எம்17என் விசைப்பலகைகளும் போதும், தமிழ்99, ஃபொனடிக் இரண்டும் உண்டு. சிக்கல் வரும் இடம் பழைய வினாத்தாள்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை, இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இல்லை, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆகவே டிஸ்கை அழிப்பதற்கு முன்னால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருப்பதைத் திறந்து, அந்தத் தமிழ் எழுத்துருக்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மின்ட்டில் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் ஃபான்ட்ஸ் (.fonts) ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதில் போட்டால் லிப்ரேஆபீஸில் வினாத்தாள் அப்படியே திறக்கும். முதலில் ஒரே ஒரு மெஷினில் இதைச் செய்து, ஒரு மாதம் வகுப்பு நடத்திப் பாருங்கள். அப்புறம் மற்ற நான்கையும் மாற்றலாம். எங்காவது நின்றுபோனால் பிரிண்டர் மாடலையும் திரையில் வந்த பிழைச் செய்தியையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.